பூஜ்யத்துக்கு இரண்டு மையம்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் சிட்டுவும் சுகம். என் முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. உன் இருமல் விட்டதா? போன கடிதத்தில் அதைப் பற்றி நீ மூச்சே விடவில்லை. போன் பண்ணினால், "அக்கா, ஒரு வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். அந்த அப்புறம் வரவே வராது. கடிதம் என்றால் நீ உட்கார்ந்து படித்துத்தானே ஆக வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. உன் தடியன், அதுதான் நீ செய்த அந்தத் தடித்த எழுத்து, எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். போன வாரம் பழைய பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டினார்கள். நீலத்தில் வெள்ளை, கோடெல்லாம் கட்டை கட்டையாக. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாப்பாடு கொடுக்க வந்த சிட்டுதான் தாழ்வாரத்தில் நின்று, "அம்மா, இது மாமாவோட எழுத்து" என்றாள். பதிவேட்டு அறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "உங்க தம்பி எழுத்தெல்லாம் செய்வாரா? எழுத்தை எங்கே வைச்சு செய்வாங்க?" என்று பெருக்குகிற அம்மா கேட்டாள். உன்னிடமே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ எழுது.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. பத்தாம் அறை, இருபதாம் அறை வாசல்களில் பூஜ்யம் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. என் கண்ணாக இருக்கலாம்.

இனி காரியம். சிட்டுவின் அப்பா காலையில் வேலைக்கு என்று பஸ் ஏறிப் போனவர் திரும்பி வராமல், வருகிற மார்ச் மூன்றாம் தேதியோடு ஏழு வருடம் முடிகிறது. ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லை என்றால் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறதாம். மனைவியும் இன்னொரு நெருங்கிய உறவினரும், "உயிரோடு இருப்பதாக எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை" என்று பிரமாணம் செய்து கையெழுத்திட வேண்டும். அவர் பக்கத்தில் யாரும் இல்லை. என் பக்கத்தில் நீ மட்டும்தான். படிவம் இணைத்திருக்கிறேன்.

ஏன் இப்போது என்று கேட்பாய். வேறு ஊரில் புது ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவைப் பொறுப்பெடுக்கச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இது மூன்றாவது முறை. இரண்டு முறை மாட்டேன் என்றேன். அவர் திரும்பி வந்து, கதவைத் தட்டி, யாரோ வேறு ஆள் திறந்தால் என்ன செய்வார் என்பதுதான் காரணம். ஜூன் முதல் தேதி சேர வேண்டும். இந்தத் தாளில் கையெழுத்து விழாமல் என் கால் இந்த வாசலைத் தாண்டாது. அது எனக்குத் தெரியும்.

இருமலைப் பற்றி எழுது.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பியின் வணக்கம். இருமல் போய்விட்டது, சளி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. சிட்டுவுக்கு என் அன்பு. முழங்காலுக்கு வைத்தியரிடம் காட்டு. ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு வலியோடு நடப்பது உனக்கே நன்றாக இருக்கிறதா?

பெருக்குகிற அம்மாவின் கேள்விக்குப் பதில்: காம்பஸையும் ஸ்கேலையும் வைத்துத்தான். என் தடியனின் குணமே அதுதான். எல்லாக் கோடும் ஒரே தடிமன். வளைவு என்றால் வட்டத்திலிருந்து வெட்டியது, மற்றதெல்லாம் நேர்கோடு. கையின் நடுக்கமோ, அவசரமோ, ஆளின் மனசோ அதில் தெரியக் கூடாது. படிப்பவனுக்கு இதை யார் எழுதினார் என்று கேட்கவே தோன்றக் கூடாது. ‘ட’வும் ‘ப’வும் அரை நாள் வேலை. ‘ண’தான் உயிரை வாங்கியது. தடித்த கோட்டில் அத்தனை சுழியையும் போட்டால் உள்ளே வெள்ளைக்கு இடமில்லாமல் அடைத்துக்கொள்கிறது. மூன்று வாரம் அதோடு மல்லுக்கு நின்றேன்.

தூரத்திலிருந்து ஒரே பார்வையில் படிக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் இவன் ஆவான். வாசல் எண், பஸ் எண், மருந்துப் பெட்டி, அபாயம் என்ற பலகை. நாலு வரிக்கு மேல் போனால் கண்ணில் அறைவான். கதைப் புத்தகத்துக்கு ஆக மாட்டான். இரகசியம் பேசவும் தெரியாது, எதைச் சொன்னாலும் உரக்கத்தான்.

பூஜ்யம் தொங்குவதாக எழுதியிருந்தாய். உன் கண் சரிதான். உங்கள் பலகைக்காரர் வைத்திருப்பது முதலில் வெளியிட்டது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சரிசெய்து புதிதாக ஒன்று கொண்டுவந்தாயிற்று. அதன் மாதிரித் தாளை அனுப்பியிருக்கிறேன். எண்கள் நடுவில் பெரிதாக இருக்கும். சிட்டுவிடம் கொடு, சுவரில் ஒட்டட்டும்.

படிவம் வந்தது. பார்க்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். சளிக்கு வெந்நீர் குடி. சிட்டுவுக்குப் பரீட்சை நெருங்குவதால் வீட்டில் அதிகம் சத்தமில்லை.

‘ண’வுக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். உன் அக்காவின் ஏழு வருடத்துக்கு மூன்று வார்த்தை. எண்ணிப் பார்த்தேன். "படிவம் வந்தது. பார்க்கிறேன்." என்ன பார்க்கப் போகிறாய்? அதில் பார்க்க என்ன இருக்கிறது? கீழே உன் பெயர் வர வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

மாதிரித் தாளைச் சிட்டு சமையலறைச் சுவரில் ஒட்டினாள். பூஜ்யம் இப்போது நிமிர்ந்து நிற்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் நான் கழற்றிவிட்டேன். "ஏம்மா?" என்று கேட்டாள். அடுப்புப் புகை படும் என்று சொன்னேன். உண்மையில் ஏனென்று எனக்கே தெரியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது போல இருந்தது. பயமாக இல்லை. பயமாக இருந்திருந்தால் தேவலை.

வக்கீல் மறுபடி கேட்டார். அனுப்பிவிடு.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பஸ் கம்பெனி ஒன்றுக்கு வண்டி எண்கள் செய்கிற வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அதனால்தான் தாமதம்.

படிவத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அவ்வளவு அவசரம் என்ன? ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆகிவிடும்? ஒரு ஆளைச் செத்துவிட்டதாக எழுதிக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லையே. வேலையில் சேரும் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லிப் பார்.

சிட்டு பரீட்சை நன்றாக எழுதட்டும். அவள் இப்போது எவ்வளவு உயரம் இருக்கிறாள்? அடுத்த கடிதத்தில் எழுது.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

சுகம்தான். நீயும் அப்படியே இருப்பாய்.

மூன்றாம் தேதி போயிற்று. உன் கடிதத்தில் அந்தத் தேதி இல்லை. ஒவ்வொரு வருடமும் அன்றைக்குக் காலையில் எட்டு மணிக்கு முன்னால் போன் செய்து, எதுவும் பேசாமல், "சாப்டியா அக்கா?" என்று மட்டும் கேட்டு வைப்பாய். இந்த வருடம் அதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தால் போன வருடமும் இல்லை.

சிட்டுவின் உயரம் கேட்டிருந்தாய். அளக்கலாம் என்று அறைக்கதவுக்குப் பின்னால் போனேன். அவர் வரைந்து ஒட்டிய அட்டை உனக்கு ஞாபகம் இருக்கும். அலுவலகத்தில் கட்டட வரைபடங்களுக்கு எண் போடுகிற அதே மையும் காம்பஸும் கொண்டு எண்பது, தொண்ணூறு, நூறு என்று நூற்றைம்பது வரைக்கும் தடித்த எண்களாகப் போட்டிருப்பார். குழந்தை உயரம் அளக்கிற அட்டைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டவர். சிட்டு அதைத் தாண்டி வளர்ந்து நாளாகிவிட்டது. ஒட்டு விட்டுப்போய் அட்டை கையோடு வந்தது. பகல் நேரம். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். ஒவ்வொரு பூஜ்யத்துக்கு நடுவிலும் ஊசித் துளை வழியாக வெளிச்சம் வந்தது. ஒரு துளை இல்லை, இரண்டு. ஒன்றுக்கு மேல் ஒன்று, மயிரிழை தள்ளி.

நினைவிருக்கிறதா? வெளிவட்டத்துக்கு ஒரு மையம், உள்வட்டத்துக்கு அதற்குச் சற்று மேலே இன்னொரு மையம். "கண்ணுக்கு நடுவுல தெரியணும்னா நடுவுல வைக்கக் கூடாது" என்பார். நீதான் விழுந்து விழுந்து சிரித்தாய். "அத்தான், ஒரு வட்டத்துக்கு ரெண்டு மையம்னு எழுதினா வாத்தியார் பிரம்பை எடுப்பார்" என்றாய். நீ கணக்குப் புலி, உனக்கு எல்லாம் கணக்கில் அடங்க வேண்டும். அவரோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டாய், ஒத்துக்கொள்ளவே இல்லை.

மடித்து வைத்திருந்த உன் மாதிரித் தாளை எடுத்தேன். சிட்டுவின் ஸ்கேலை வைத்து அளந்தேன். பூஜ்யத்தின் மேல்பக்கம் மெலிசு, கீழ்ப்பக்கம் தடிமன். உள்வட்டம் மேலே ஏறியிருக்கிறது. அட்டையில் எவ்வளவோ அதே விகிதம். ஆறு, எட்டு, ஒன்பது எல்லாவற்றிலும் அதே.

போன வாரம் எங்கள் பலகைக்காரர் வந்து எண்களை மட்டும் புதிதாக மாற்றிவிட்டுப் போனார். இப்போது அறுபதாம் அறையைத் தாண்டினால் அவர், எண்பதாம் அறையைத் தாண்டினால் அவர். ஏழு வருடமாக ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன் வாசலுக்கு வாசல் நின்று எல்லோருக்கும் வழி சொல்கிறார். நோயாளிகள் பார்த்துக்கொண்டே நடந்து போகிறார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

இந்தப் பூஜ்யத்தைப் போட்டது யார்?

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. நீ சரியாகத் தூங்குகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கவலையாக இருக்கிறது.

பூஜ்யத்தைப் போட்டது நான்தான். வேறு யார்? சின்ன வயசில் சிரித்தேன், உண்மை. தொழில் என்று வந்த பிறகு அத்தான் சொன்னது சரி என்று புரிந்தது. வட்டத்தை வட்டமாகப் போட்டால் கண் ஏற்றுக்கொள்வதில்லை என்பது எழுத்து செய்கிற எல்லோருக்கும் ஒரு நாள் தெரிந்துவிடுகிற விஷயம். அவரிடம் கற்றதை நான் செய்தேன். அதில் அவரைப் பார்த்தது உன் மனசு. ஏழு வருடம் காத்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

சிட்டுவை விட்டு அந்த அட்டையை உள்ளே எடுத்து வைக்கச் சொல்.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

சுகம்.

உன் பதில் ஒழுங்காக இருக்கிறது. நம்பவும் ஆசையாக இருக்கிறது. அப்படியானால் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. "உயிரோடு இருப்பதாக எனக்கு எந்தத் தகவலும் இல்லை." ஒரே ஒரு வரி. அது வந்து சேர்ந்தால் உன்னிடம் இனி எதையும் கேட்க மாட்டேன்.

அக்கா


மே 9

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

பேனாவை எடுத்து அந்தக் கோட்டின் மேல் வைத்து ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார். என்னோடுதான் இருக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், என் எண்களைப் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பார்க்கலாம் என்று ஒரு பட்டறைக்குப் போனேன். பெயர்ப்பலகை செய்கிற இடம். மெஷினில் குனிந்திருந்த ஆள் கையை நீட்டித் தாளை வாங்கினார். நிமிரவில்லை. "பூஜ்யம் தொங்குதே தம்பி. உள்வட்டத்தைக் கொஞ்சம் மேல தூக்கணும்" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். "அத்தான்" என்றதும் நிமிர்ந்தார். தலை முழுக்க வெள்ளை. தாளை என் கையில் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்.

திட்டினேன், சட்டையைப் பிடித்தேன், அழுதேன். எல்லாம் செய்தேன். ஏன் போனீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னிக்கு என் ஸ்டாப் வந்துச்சு, எறங்கலை. ஏன்னு தெரியல. அடுத்த ஸ்டாப்ல எறங்கிடலாம்னு நினைச்சேன். அதுலயும் எறங்கலை. சாயங்காலம் ஆயிடுச்சு. ஒரு நாளுக்கு என்னத்தையாவது சொல்லிச் சமாளிக்கலாம். மறுநாளும் போயிடுச்சு. ரெண்டு நாளைக்கு என்ன சொல்றது? ஒரு வாரத்துக்கு? நாள் ஆக ஆக சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம போயிடுச்சுடா." சண்டை இல்லை, வேறு பெண் இல்லை, எதுவும் இல்லை. நூறு தடவை கேட்டுவிட்டேன். வேறு பதில் இல்லை.

உன்னிடம் சொல்லப் போகிறேன் என்றேன். "சொல்லு. நீ சொன்ன அன்னிக்கு நான் இங்கேயும் இருக்க மாட்டேன்" என்றார். சொன்னால் அவரை மறுபடி தொலைத்துவிட்டு, தொலைத்தவன் நான்தான் என்று உன் முன்னால் நிற்க வேண்டும். இன்று சொல்வோம், நாளை சொல்வோம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள எனக்கும் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அவர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஒரு வருடமாக என் முன்னறையில் இருக்கிறார். பகலில் பட்டறை, மாலையில் என் மேஜையில் உட்கார்ந்து என் எழுத்தைத் திருத்துவார். எண்கள் எல்லாம் அவர் போட்டவைதான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. உன் கடிதத்தை மேஜையில் விட்டுவிட்டு வெளியே போய் வருவேன். திரும்பி வந்தால் மடிப்பு மாறியிருக்கும். சிட்டுவின் உயரத்தைத்தான் கேட்பார், அதுவும் என்னைப் பார்க்காமல். அதைத்தான் உன்னிடம் கேட்டு எழுதினேன்.

மாதிரித் தாளை உனக்கு ஏன் அனுப்பினேன் என்று யோசிக்கிறேன். நீ கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அனுப்பினேனோ என்னவோ. நீயே கண்டுபிடித்தால் நான் சொன்னதாக ஆகாதே.

வேண்டுமானால் கிளம்பி வா. வர மாட்டேன் என்றால் அதையும் சொல். மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

தம்பி


மே 20

தம்பிக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். கடிதம் படித்த அன்று சமைத்தேன், வேலைக்குப் போனேன். சிட்டுவிடம் சொல்லிவிட்டேன். அவள் தட்டைக் கழுவி வைத்தாள். அப்புறம், "அப்பா ஏதாவது கேட்டாரா?" என்றாள். "உன் உயரத்தைக் கேட்டாராம்" என்றேன். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நீ ஒளித்தாய், நானும் ஒளித்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் பிணவறைக்கு அடையாளம் தெரியாத உடல் வந்தால் முதல் சீட்டு என் மேஜைக்குத்தான் வரும். "ஆண், வயது சுமார் நாற்பது, மாநிறம்." கோப்பில் செருகினால் என் வேலை முடிந்தது. நான் அதோடு விட்டதில்லை. பகல் சாப்பாட்டு வேளையில், எல்லோரும் டப்பாவைத் திறக்கும்போது, நான் பின் கட்டடத்துக்குப் போவேன். காவலாளிக்குத் தெரியும், ஒன்றும் கேட்க மாட்டான், பூட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்பான். முதல் தடவை மயங்கி விழுந்தேன். அப்புறம் இல்லை. ஏழு வருடத்தில் நாற்பத்து மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன். அவர் இல்லை என்று தெரிந்ததும் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டே வந்து சாப்பிடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சிட்டுவுக்குத் தலை வாரிவிடுவேன்.

நேற்று பதிவேட்டை எடுத்துத் தேதிகளைச் சரிபார்த்தேன். நீ அவரைப் பட்டறையில் பார்த்த பிறகு, நான் பதினோரு பேரைப் பார்த்திருக்கிறேன், தம்பி. அதில் ஒருவரை இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது. முகம் சரியாக இல்லை.

அவர் போனதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. எங்கே போய்விட்டது அந்தக் கோபம் என்று தேடிக்கூடப் பார்த்தேன். உன் மேல்தான் வருகிறது. அவர் எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லத் தெரியாதவர், கல்யாணமான முதல் வாரத்திலேயே எனக்குத் தெரியும். நீ அப்படி இல்லையே. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எங்கே, எப்படி என்றுகூட வேண்டாம். "பார்க்காதே அக்கா" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் அந்தக் கதவைத் திறந்திருக்க மாட்டேன்.

படிவத்தைக் கிழித்துவிட்டேன். பொய்ப் பிரமாணம் எனக்கு வேண்டாம். அதற்குத் தேவையும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவரைதான் என்னால் இந்த வீட்டைவிட்டு நகர முடியவில்லை. இருக்கிறார், இருந்தும் வரவில்லை. தெரிந்துவிட்டது. இருபத்தெட்டாம் தேதி கிளம்புகிறோம். வீட்டைப் பூட்டிச் சாவியை வக்கீலிடம் கொடுத்துவிடுவேன். அவர் வந்தால் அங்கே வாங்கிக்கொள்ளட்டும். புது முகவரி இப்போதைக்கு உனக்குத் தர மாட்டேன்.

இந்தக் கடிதத்தை மேஜையில் விட்டுவிட்டு வெளியே போகாதே. அவரை எதிரில் உட்கார வைத்து நீயே வாய்விட்டுப் படி.

சளி எப்படி இருக்கிறது?

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் புது ஆஸ்பத்திரியின் பெயரை விசாரித்துத் தெரிந்துகொண்டு பதிவேட்டுப் பிரிவுக்கு எழுதுகிறேன். இது கோபத்துக்குரிய காரியம்தான். நீயும் சிட்டுவும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை.

நீ சொன்னபடியே படித்தேன். எதிரில் உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், "பதினொண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். "நாப்பத்து மூணா மொத்தம்?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு வாரம் வழக்கம்போல் வேலைக்குப் போனார், வந்தார். பஸ் எண்களில் பாக்கியிருந்த எட்டையும் ஒன்பதையும் முடித்தார். மேஜையைத் துடைத்து வைத்தார். ஒரு திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தம்வரை நானும் கூடப் போனேன். ஏறினார். பட்டறைக்கு அவர் போய்ச் சேரவில்லை.

இன்றோடு பதினெட்டு நாள். பட்டறையில் கேட்டாயிற்று, போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஊரில் ஓடுகிற பஸ்களில் எல்லாம் இப்போது அவர் போட்ட எண்கள். ஒவ்வொரு வண்டியும் வந்து நிற்கும்போது இறங்குகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எல்லோரும் இறங்கினபிறகும் நிற்கிறேன்.

நேற்று முன்தினம் போலீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஊரின் மறுகோடியில் ஒரு ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத ஒருவர் இருக்கிறாராம். வயது ஐம்பதுக்குள், நரைத்த தலை. வந்து பார்க்கச் சொன்னார்கள். இரண்டு தடவை போனேன் அக்கா. தாழ்வாரத்தின் கடைசியில் கதவு. மேலே பிணவறை என்று எழுதியிருக்கிறது. என் எழுத்து. தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரிகிறது, அதற்காகத்தானே செய்தேன். இரண்டு தடவையும் அதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

உன்னிடம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்க வேறு ஆளும் இல்லை. எப்படிப் பார்ப்பது? உள்ளே போனதும் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று பகலில்தான் கையில் கிடைத்தது. போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

முகத்தை முதலில் பார்க்கக் கூடாது. முகம் யாரைப் போலவும் இருக்கும், நாம் பயப்படுகிற ஆளைப் போலத்தான் முதலில் தெரியும். துணியைக் கால் பக்கத்திலிருந்து விலக்கச் சொல்ல வேண்டும். அவருக்கு இடது கணுக்காலில் சின்ன வயசில் வெந்நீர் கொட்டிய தழும்பு. அதற்கப்புறம் வலது கை. நடுவிரலில் பேனா பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போன இடம். இரண்டும் இல்லை என்றால் மேலே பார்க்க வேண்டாம், வெளியே வந்துவிடலாம். இருந்தால் மட்டும் முகம். மூச்சை வாய் வழியாக விட வேண்டும். போவதற்கு முன்னால் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும், வெறும் வயிற்றில் போகக் கூடாது.

இதையெல்லாம் எழுதிவிட்டேனே தவிர, நீ போக வேண்டாம். உன்னால் முடியாது. விரல் நறுக்கிக்கொண்டாலே தலை சுற்றுகிற ஆள் நீ. சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். சிட்டுவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன், அவளிடம் எதற்கு என்று சொல்லவில்லை. போலீஸில் சனிக்கிழமை வரைக்கும் வைத்திருக்கச் சொல்லு, கேட்பார்கள், மனைவி வருகிறாள் என்று சொல்லு.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. அதையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன்.

ரயில் ஸ்டேஷனுக்கு வந்து நில். நான் வரும்வரை அந்தக் கதவுப் பக்கம் போகாதே. நீ வெளியே நின்றால் போதும், உள்ளே நான் போகிறேன். எனக்குப் பழக்கம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா